நடராசர் கால் மாறாமல் இருக்க: பார்வையற்றோருக்கு அருங்காட்சியக வர்ணனை எழுதுவது எப்படி?

ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய அருங்காட்சியகத்துக்கு 24 வர்ணனைகள் எழுதிக் கொடுத்தேன். பார்வையற்றவர்கள் காதில் கேட்டுக்கொண்டே கூடத்தைச் சுற்றிவர வேண்டும் என்பது திட்டம். எழுதி முடித்து, நல்ல குரல் பிடித்து, ஒலிப்பதிவும் செய்துவிட்டோம். அதற்கப்புறம்தான் பார்வையற்ற ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். 24-இல் 19 தேறவில்லை. ஏறக்குறைய 13,000 ரூபாயும் இரண்டு மாத உழைப்பும் போயின.

நீங்களும் இந்த வேலையைக் கையில் எடுத்திருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வர்ணனை என்று நான் சொல்வது பொருளின் வரலாறு இல்லை. அது பெரும்பாலும் விளக்கப் பலகையிலேயே இருக்கும். யாராவது படித்துச் சொல்லிவிடலாம். பார்வை உள்ளவர் அந்தப் பொருளின் முன் நிற்கும்போது கண் எதைப் பிடிக்கிறதோ, அதைச் சொல்லால் தருவதுதான் வர்ணனை. வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பந்து எங்கே போனது, யார் ஓடுகிறார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த வீரரின் பழைய சாதனைக்குப் போவார்கள்.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் அனுமதிக் கடிதம். காப்பாட்சியர் பெயருக்கு எழுதுங்கள். எத்தனை பொருள்கள், எந்தக் கூடம், ஒலிப்பதிவை எங்கே ஏற்றப்போகிறீர்கள், எழுத்தின் உரிமை யாருக்கு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். உரிமை பற்றி நாங்கள் எழுதி வைக்கவில்லை. பிறகு ஒரு வரியைத் திருத்தக்கூட யாரிடம் கேட்பது என்ற குழப்பம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 29-ஆவது பிரிவைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பண்பாடு, பொழுதுபோக்கு பற்றிய பிரிவு அது. கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்வதும் அதில் வருகிறது. கேட்பது சலுகை இல்லை என்பது புரிந்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். அரசு அருங்காட்சியகம் என்றால் கடிதம் மேலிடம் வரை போய்வரலாம். அதனால் எழுதி முடித்துவிட்டுக் கேட்போம் என்று இருக்காதீர்கள்.

அடுத்தது, நீங்கள் எடுக்கப்போகும் பொருள்களுக்கான பதிவேட்டுப் பக்கங்களின் நகல். பெயர், காலம், செய்பொருள், கிடைத்த ஊர், அளவு ஆகியவை அதில் இருக்கும். அளவை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் பதிவேட்டில் சில சிலைகளின் உயரம் பீடத்தோடும் சிலவற்றின் உயரம் பீடம் இல்லாமலும் எழுதப்பட்டிருந்தது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், காப்பாட்சியர் முன்னிலையில் நீங்களே அளந்துவிடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் பெட்டியைத் திறக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. பொருள்களைத் தேர்ந்தெடுப்பது

24 அதிகம். பன்னிரண்டு போதும். ஒரு பொருளுக்கு ஒன்றரை நிமிட ஒலி என்று வைத்தாலும், நடப்பது, நிற்பது, பேசிக்கொள்வது எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டுக்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும்.

புகழ்பெற்ற பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்களிடம் எல்லாரும் ரசித்துக் கேட்டது ஒரு முதுமக்கள் தாழியின் வர்ணனையைத்தான். “பத்து வயதுப் பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் உள்ளே அடங்கிவிடும்” என்று ஒரு வரி அதில் இருந்தது. செப்புக் காசுகளைப் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதியதை யாரும் கடைசி வரை கேட்கவில்லை. விரல்நகத்தளவு காசில் தேய்ந்துபோன உருவத்தை நானே பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். அதைச் சொல்லால் மட்டும் எப்படிக் கொண்டுபோவது? காசுக்கு வர்ணனையைவிடப் பெரிதாக்கிய தொடு மாதிரி ஒன்று நல்லது.

தேர்ந்தெடுத்தவை நடக்கும் பாதையின் வரிசையில் இருக்கட்டும். காலவரிசை என்று சொல்லி ஆளைக் கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுக்காதீர்கள்.

3. முதல் நாளிலேயே பார்வையற்றவர்களைக் குழுவில் சேருங்கள்

எங்கள் பெரிய தவறு இதில்தான். கடைசியில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டோம். முதலிலேயே கூப்பிட்டிருந்தால் செலவு பாதியாகியிருக்கும்.

குறைந்தது மூன்று பேர் வேண்டும்: பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், இடையில் பார்வை போன ஒருவர், ஓரளவு பார்வை உள்ள ஒருவர். மூவருக்கும் தேவைப்படுவது வேறுவேறு. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். சார் என்றே அழைத்தோம். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் பார்வை போனது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பச்சை படிந்த செம்பு என்றால் சாருக்கு உடனே பழைய வீட்டு அண்டா நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கோ, “மேலே உப்புப் பூத்த மாதிரி சொரசொரப்பா இருக்குமா?” என்று கேட்ட பிறகுதான் அது பிடிபட்டது. இரண்டையும் வர்ணனையில் வைத்தோம்.

பார்வையற்றோர் பள்ளிகளின் பழைய மாணவர்கள், உள்ளூர் சங்கங்கள், கல்லூரிகள் என்று கேட்டுப் பார்த்தால் ஆள் கிடைப்பார்கள். சும்மா வந்து உதவுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். குரல் கொடுப்பவருக்குப் பணம் உண்டு, அச்சடிப்பவருக்குப் பணம் உண்டு, இவர்களுக்கு மட்டும் டீயும் நன்றியுமா? வேலையை மறுபடி தொடங்கிய இரண்டாம் சுற்றில் ஓர் அமர்வுக்கு ஆளுக்கு 1,000 ரூபாயும் ஆட்டோச் செலவும் கொடுத்தோம்.

4. எழுதும் வரிசை

முதலில் என்ன பொருள், எதனால் ஆனது, எவ்வளவு பெரியது. அப்புறம் முழு உருவத்தையும் அடக்கும் ஒரே வாக்கியம். அதற்கப்புறம்தான் உறுப்பு உறுப்பாக. ஒரு முனையில் தொடங்கி ஒரே திசையில் போங்கள். முகத்தைச் சொல்லி, பாதத்துக்குத் தாவி, மறுபடி காதுக்கு வந்தால் கேட்பவர் பாதியில் விட்டுவிடுவார்.

அளவுக்குச் சென்டிமீட்டரோடு நிறுத்தாதீர்கள். நம்மிடம் சாண், முழம், விரற்கடை இருக்கின்றன. அவை கேட்பவரின் கையிலேயே இருக்கும் அளவுகோல்கள். “நாற்பது சென்டிமீட்டர்” என்றபோது பேசாமல் இருந்தவர், “ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு” என்றதும் தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசியில் நாங்கள் ஏற்றுக்கொண்ட நடராசர் வர்ணனை இது:

“நடராசர், வெண்கலச் சிலை. பீடத்தோடு சேர்த்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம். தீச்சுடர்கள் வரிசையாகப் பதித்த ஒரு வளையத்தின் நடுவே, நான்கு கைகள் உள்ள ஆண் உருவம் ஒற்றைக் காலில் ஆடுகிறது. இனி இடம், வலம் எல்லாம் அவருடையவை. வலது கால் முழங்காலில் சற்று மடங்கி, கீழே கிடக்கும் குள்ள உருவமான முயலகன் முதுகில் ஊன்றியிருக்கிறது. இடது கால் இடுப்பளவு உயர்ந்து, உடலின் குறுக்கே வலப்பக்கமாகப் போகிறது. பின்னால் உள்ள இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன: வலக்கையில் சிறிய உடுக்கை, இடக்கையில் தீ. முன்னால் உள்ளவற்றில் வலக்கை, உள்ளங்கையை நமக்குக் காட்டி, விரல்கள் மேல்நோக்க நிற்கிறது. இடக்கை மார்பின் குறுக்கே வலப்பக்கம் வந்து, மணிக்கட்டில் தளர்ந்து, யானைத் துதிக்கை போலத் தொங்குகிறது. விரல்கள் தூக்கிய பாதத்தைக் காட்டுகின்றன. முகம் நேராக, அமைதியாக இருக்கிறது. சடைகள் மட்டும் இரு பக்கமும் விரிந்து, வளையத்தைத் தொடும் அளவுக்குப் பறக்கின்றன. வளையத்தின் உச்சியில் இரண்டு சுடர்கள் உடைந்துபோயிருக்கின்றன.”

கடைசி வரியைப் பாருங்கள். உடைந்ததையும் சொல்ல வேண்டும். பார்ப்பவருக்கு அது தெரிகிறது. கேட்பவருக்கு மட்டும் சிலையை ஏன் முழுசாக்கிக் கொடுப்பது?

5. இடமா, வலமா? அதிகம் சறுக்கும் இடம்

மேலே உள்ள “இடம், வலம் எல்லாம் அவருடையவை” என்ற ஒரு வரியைக் கற்றுக்கொள்ளத்தான் இரண்டு மாதம் ஆனது.

என் முதல் வடிவத்தில் கைகளை நான் பார்க்கும் பக்கத்திலிருந்து எழுதியிருந்தேன். எனக்கு வலப்பக்கம் இருந்ததால் “வலக்கை மார்பின் குறுக்கே இடப்பக்கம் வருகிறது” என்றேன். காலை மட்டும், நடராசர் தூக்குவது இடது கால் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால், “இடது காலை இடப்பக்கம் தூக்கி” என்று எழுதினேன். முதலில் சொன்னது சிலையின் கால், அடுத்துச் சொன்னது என் பக்கம்! ஒலிப்பதிவைக் கேட்டதும் சார் எழுந்தார். மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கேட்டபடியே நிற்கப் பார்த்தார். இடது கால் இடப்பக்கமாக வெளியே நீண்டது. வலக்கையும் அதே பக்கம் போனது. பக்கத்து அறையில் கராத்தே வகுப்பு நடப்பது போல இருந்தது.

“தம்பி, இடது வலதுங்கிறது யாருக்கு? உனக்கா, அவருக்கா?” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் விதி: உடல் உள்ள எந்த உருவத்துக்கும், அந்த உருவத்தின் இடம் வலம்தான். அதை வர்ணனையின் தொடக்கத்திலேயே ஒருமுறை சொல்லிவிட வேண்டும். ஓவியம், கல்வெட்டு, பானை போன்றவற்றுக்குக் கேட்பவரின் இடம் வலம். இரண்டையும் ஒரே வர்ணனையில் கலக்கவே கூடாது. கலக்காமல் முழுவதையும் மாற்றி எழுதினாலும் ஆபத்துதான்: நடராசர் வலது காலைத் தூக்கிவிடுவார். அப்படி ஒருவர் நிஜமாகவே இருக்கிறார், மதுரை மீனாட்சி கோயிலின் வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவர். அவர் வேறு சிலை, வேறு கதை.

பழகிப் பார்க்க நல்ல இடம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நின்று எழுதிப் பாருங்கள். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சிவன் பக்கம் இரண்டு கைகள், உமை பக்கம் ஒன்று. இடம் வலத்தில் ஒரு சொல் பிசகினால் சிலையே மாறிவிடும் என்பதால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

இன்னொரு சின்னப் பொறி: “முன்கை” என்ற சொல். முன்னால் உள்ள கை என்று நினைத்து நான் எழுதினேன். கேட்டவர்கள் முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்ததுதான் சரி.

6. சொல் தேர்வு

“அழகிய”, “கம்பீரமான”, “கண்ணைக் கவரும்” ஆகிய மூன்றையும் தேடி அடித்துவிடுங்கள். என் முதல் வடிவங்களில் “கம்பீரமான” மட்டும் பதினொரு இடத்தில் இருந்தது. தோள் எவ்வளவு அகலம், முதுகு எப்படி நிமிர்ந்திருக்கிறது என்று சொன்னால் கம்பீரமா இல்லையா என்பதைக் கேட்பவரே முடிவு செய்துகொள்வார்.

நிறத்தை விடாதீர்கள். பார்வையற்றவர்களுக்கு நிறம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நிறம் பார்த்த நினைவு பலருக்கு இருக்கிறது. பார்த்தே இராதவர்களுக்கும் சிவப்பு, மஞ்சள் என்றால் என்ன பொருள் என்பது பேச்சிலிருந்தும் கதையிலிருந்தும் தெரியும். அதேபோல் “பார்க்கிறோம்” என்ற சொல்லுக்கு அஞ்சி வாக்கியத்தை வளைக்க வேண்டாம். சாரே, “நேத்து டிவியில மேட்ச் பார்த்தேன்” என்றுதான் சொல்வார்.

உடலை மறைக்காதீர்கள். செப்புத் திருமேனிகளில் தேவியரின் மேலுடல் பெரும்பாலும் ஆடையின்றி, அணிகளோடு இருக்கும். குழுவில் ஒருவர் அதை விட்டுவிடலாமே என்றார். பார்வை உள்ள பள்ளிப் பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள். “மேலாடை இல்லை, மார்பின் நடுவே மெல்லிய பூணூல் போன்ற அணி இறங்குகிறது” என்று எழுதினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

7. நின்று பார்க்கும் சோதனை

எழுதியதை ஒலிப்பதிவுக்குக் கொண்டுபோகும் முன் மூவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்குப் புரிந்தது என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, மனித உருவம் என்றால் அப்படி நின்று காட்டச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் வேண்டும். பானை, பெட்டி என்றால் களிமண்ணோ சப்பாத்தி மாவோ கொடுத்துப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே தவறு என்று கை சொல்லிவிடும். ஒரு குடுவைக்கு நான் “கழுத்து நீண்டது” என்று எழுதியிருந்தேன். மாவில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி வந்தது. “நான்கு விரற்கடைக் கழுத்து” என்று திருத்தினேன்.

ஒரு வர்ணனைக்கு இரண்டு சுற்று தேவைப்படும். மூன்றாவது சுற்றும் தேவைப்பட்டால் அதைத் திருத்திக்கொண்டிராமல் புதிதாக எழுதிவிடுங்கள்.

8. எழுத்து வடிவமும் ஒலிப்பதிவும்

ஒலியோடு எழுத்து வடிவத்தையும் கொடுங்கள். நிறையப் பேர் தங்கள் ஸ்கிரீன் ரீடரிலேயே (திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள்), தங்களுக்குப் பழகிய வேகத்தில் கேட்க விரும்புவார்கள். கணினியில் என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ் ஓவர் இருக்கின்றன.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு பள்ளம் உண்டு. தட்டச்சு செய்து கொடுப்பவர் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், திரையில் தமிழாகத் தெரியும். ஸ்கிரீன் ரீடரோ ஆங்கில எழுத்துகளாக உளறும். தமிழ்நாடு அரசு 2010-லேயே, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சோதிப்பது எளிது: அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோட். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். அது வெறும் படம்.

சுருக்கக் குறிகளையும் விரித்து எழுதுங்கள். “கி.பி. 11-ஆம் நூ.”, “செ.மீ.” எல்லாம் இயந்திரக் குரலில் விக்கலாக வரும். “பதினோராம் நூற்றாண்டு” என்று முழுசாக எழுதினால் குரல் கொடுப்பவரும் தடுமாற மாட்டார்.

குரலுக்கு நாடக பாணி தேவையில்லை. நாங்கள் முதலில் பிடித்தவர் நல்ல குரல்வளம் உள்ளவர், ஆனால் ஒவ்வொரு வரியையும் பக்திப் படத் தொடக்கம் போல இழுத்தார். அடுத்த சுற்றில் உள்ளூர் ஆசிரியை ஒருவர் சாதாரணமாகப் படித்துக் கொடுத்தார். அதுதான் எடுபட்டது.

9. கூடத்தில் பொருத்துவது

கியூஆர் குறியீட்டை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். பார்வையற்றவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யாருமே யோசிக்கவில்லை. இப்போது எல்லாப் பொருளுக்கும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில், விளிம்பு தூக்கிய சிறு அக்ரிலிக் பலகை. விரல் பட்டதும் தெரியும். பக்கத்தில் எண், இந்திய மொழிகளுக்கான புள்ளி எழுத்தான பாரதி பிரெய்லில். முழு வர்ணனையையும் பிரெய்லில் அடிக்கத் தேவையில்லை. பெரிய வயதில் பார்வை இழந்த பலருக்குப் பிரெய்ல் தெரியாது. ஓரளவு பார்வை உள்ளவர்களுக்காக அதே எண்ணைக் கட்டைவிரல் உயரத்தில், கருப்பில் மஞ்சளாக அடியுங்கள்.

காவலர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பலகையைத் தேடும் கையைப் பார்த்து “தொடாதீங்க!” என்று ஓர் அதட்டல் வந்தால் அந்த ஆள் மறுபடி வரமாட்டார்.

10. காலமும் செலவும்

பன்னிரண்டு பொருள்கள் என்று வைத்து, எங்கள் இரண்டாம் சுற்றுக் கணக்கைச் சொல்கிறேன். அளப்பதும் குறிப்பெடுப்பதும் ஒரு வாரம். எழுதுவது, ஒரு வர்ணனைக்குத் திருத்தங்களோடு மூன்று மணி நேரம். சோதனைக்கு நான்கு அமர்வுகள், மூன்று பேர்: 12,000 ரூபாயும் ஆட்டோவும். ஒலிப்பதிவுக் கூடம் மணிக்கு 800 ரூபாய் வீதம் மூன்று மணி நேரம். பலகைகள் ஒன்று 150 ரூபாய். அனுமதி கையில் வந்த பிறகு மொத்தம் ஏழு வாரம். உங்கள் ஊர் விலையில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனால் சோதனை அமர்வுக்கான பணத்தில் கைவைக்காதீர்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒலிப்பதிவுக் கூடத்தைக் குறையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து கைப்பேசியில் பதிந்தாலே கேட்கும்படி வரும்.

கடைசியாக, பராமரிப்புக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சிலை பழுதுபார்க்கவோ வெளியூர்க் கண்காட்சிக்கோ போகும். எங்கள் கூடத்தில் ஆறாம் எண் மேடை மூன்று வாரம் காலியாக இருந்தது. அங்கே இல்லாத சிலையைப் பலகை மட்டும் வர்ணித்துக்கொண்டே இருந்தது. இப்போது அதற்கென்று இருபது விநாடிப் பதிவு ஒன்று தயாராக இருக்கிறது: “இந்த மேடை இப்போது காலி. சிலை வெளியே போயிருக்கிறது. அடுத்த பொருள் உங்கள் வலக்கைப் பக்கம், நான்கு எட்டு தூரத்தில்.”